வெட்டவெளியில் குறும்படம்: நம் சங்கங்கள் கருதத்தக்க ஒரு முயற்சி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் இருங்காட்டுக்கோட்டை வரும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூரின் பெயரைச் சொன்னால், மோட்டார்ப் பந்தயத் திடல் உள்ள ஊர் என்றுதான் வெளியூரார் அறிவர். அத்திடல் 1990இல் திறக்கப்பட்டது. பின்னர் சிப்காட் நிறுவனத்தார் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தனர். 1996இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1998இல் கார்கள் வெளிவரலாயின. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் ஒன்றையொன்று தொடர்ந்து நீண்டு, ஏரியும் வயலுமாக இருந்த நாடு ஆலைகளின் நாடாயிற்று.

இவ்விதழை வாசிக்கும் அங்கத்தினர்களுக்கு இப்பகுதியோடு உள்ள உறவை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. உழவர்களின் நிலங்கள் பலவற்றின்மேல் இன்று மதிற்சுவர் நிற்கின்றது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் தறிக்குழியில் இறங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள், விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கின்றனர். கணக்குத் தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது, “தறி எத்தனை ஓடுகின்றது?” என்று நாம் வினவினால், “மகன் ஒரகடத்துக்குப் போகின்றான்” என்பதே பல வீடுகளில் கிடைக்கும் விடை. அது கேள்விக்கு நேரான விடையன்று எனினும், போதுமான விடையே.

இப்பகுதியில் இன்று மூவகை மக்கள் அருகருகே வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஊரார் ஒரு வகை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி, மின்னணுச் சாதன ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள் மற்றொரு வகை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி ஒன்று மட்டுமே 18,720 பெண்கள் தங்குவதற்கென்று கட்டப்பட்டது. ஒடிஸா, பீகார் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர் மூன்றாம் வகை. இவர்கள் கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒருவரையொருவர் காண்கின்றனர், அறிந்தாரில்லை. 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பெண்கள் பலர் நோயுற்றபோது, சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. இரவோடு இரவாகப் பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். உண்மை இன்னதென்று சென்று கேட்டறிந்து வந்து சொல்லத்தக்க ஒரு சிநேகிதம் விடுதிக்கும் சுற்றியுள்ள ஊருக்கும் இடையே இருந்திருப்பின், அந்த இரவு சற்று வேறாக இருந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம். ஒரே நிலத்தில் இத்தனை பேர் வாழ்ந்தும், எல்லோரும் கூடி உட்காரும் ஒரு மாலைப்பொழுது இல்லை. கோயில் திருவிழா ஊராருடையது. ஆலையின் ஆண்டு விழா ஆலையாருடையது.

அத்தகைய மாலைப்பொழுதை உண்டாக்குதற்கு மிகச் செலவு குறைந்த வழியாக நமக்குத் தோன்றுவது, வெட்டவெளியில் குறும்படங்களைத் திரையிட்டு, படம் முடிந்தபின் அவற்றைப் பற்றிப் பேசுவதாகும். இதனைச் சங்கங்களே தம் பொறுப்பில் நடத்தலாம். நடத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறும்படம் என்று நாம் கூறுவது, ஐந்து நிமிஷம் முதல் அரைமணி வரை ஓடுவதும், பெரிய கம்பெனிகளின் முதலீடின்றித் தனி மனிதரோ சிறு குழுவினரோ எடுப்பதுமான படம். கதையாகவும் இருக்கலாம், நடப்பைக் காட்டும் ஆவணமாகவும் இருக்கலாம். 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி இவற்றைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி போன்றோர் அவ்வழியே பெரிய திரைக்குச் சென்றனர். அதனால் ஒரு நன்மையும் ஒரு தீங்கும் விளைந்தன. குறும்படம் என்பது பெரிய படத்துக்கு ஏறும் ஏணிப்படி என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது. படமோ கைப்பேசியில் ஒருவர் தனியே கண்டு, விரலால் தள்ளிவிட்டுப் போகும் பொருளாயிற்று. மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருவது போன்ற முயற்சிகள் இதற்கு விலக்கு. ஆயினும் அவை பெரும்பாலும் நகரத்து ஆர்வலர்களையே எட்டுகின்றன.

வெட்டவெளிக் காட்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகக் காட்டினார். அதன் வழிவந்த டூரிங் கொட்டகையின் மணல் தரை நம் பெரியோர் பலருக்கு நினைவிருக்கும். நாடு விடுதலையடைந்தபின் 1948இல் மத்திய அரசாங்கம் பிலிம்ஸ் டிவிஷனை ஏற்படுத்தியது. சமூக அபிவிருத்தித் திட்ட நாட்களில் விளம்பர வண்டிகள் கிராமங்களுக்குப் படத்தோடு வந்தன. அவற்றால் பயனில்லை என்று கூறுவது நன்றிகெட்ட பேச்சாகும். எனினும் அவ்வண்டிகளில் ஒரு குறை உண்டு. உரம் இடு, சேமிப்பாயாக என்று திரை பேசும், ஊரார் கேட்பர், வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊரார் திரும்பப் பேசுவதற்கு அங்கே இடமில்லை.

படத்தின் செலவை ஏற்பவர் எவரோ அவருடையதே படம் என்னும் உண்மையைக் கூட்டுறவாளர்களுக்கு விளக்க குஜராத்துப் பால் உற்பத்தியாளர்களைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ முழுநீளப் படமே, குறும்படம் அன்று. ஆயினும் அதன் மூலதனம் நாம் கவனிக்கத்தக்கது. குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஐந்து லட்சம் அங்கத்தினர் ஆளுக்கு இரண்டு ரூபாய் வீதம் தந்தனர்; பத்து லட்சம் ரூபாய் சேர்ந்தது. வர்கீஸ் குரியன் அவர்களின் யோசனை அது. தம் பணத்தில் எடுத்த படத்தைக் காண அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். படமும் அவர்களை வெறும் புகழ்ச்சியால் குளிப்பாட்டவில்லை: ஊரின் சாதிப் பிளவும், சங்கம் தோன்றுவதற்கு ஊர்ப் பெரியதனக்காரர் காட்டிய எதிர்ப்பும், வெளியிலிருந்து வந்த நல்ல அதிகாரி நிலைக்க முடியாமல் திரும்பிச் செல்வதும் அதில் உண்டு. பின்னர் அதன் 16 மில்லிமீட்டர் பிரதிகளைக் கால்நடை மருத்துவர் முதலியோர் அடங்கிய குழுவினர் பிற பகுதிக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்று காட்டி, சங்கம் அமைக்கும் பேச்சைத் தொடங்கினர். புதுப்பிக்கப்பட்ட அப்படம் 2024இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

அண்டை நாடான கேரளத்தில் 1984இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ‘ஒடேசா’ என்னும் குழுவை அமைத்தனர். தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) என்ற படத்தை எடுத்தவர் இந்த ஜான்தான். இவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, பறையடித்து ஜனங்களைக் கூட்டி, மக்கள் சினிமாவுக்கென்று அவர்கள் தந்ததைப் பெற்று, 1986இல் ‘அம்ம அறியான்’ என்ற படத்தை முடித்தனர். லாப நோக்கமின்றியே அதனை மீண்டும் ஊர்களுக்கு எடுத்துச் சென்று காட்டினர். 1987இல் ஜான் காலமானார். ஒடேசா சட்டப்படி பதிவான கூட்டுறவுச் சங்கமன்று. நம் பதிவேட்டுக் கண்ணோடு பார்த்தால் குறை பல தென்படும். ஆனால் பங்குத் தொகை என்பதன் கருத்தை அவர்கள் நம்மிற் பலரைவிட நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, நாம் மிகவும் மதிக்கும் உதாரணம் ஒன்று உண்டு. அது கடல் கடந்த நாட்டினது; சற்று விரிவாகவே கூறுவோம். கனடாவின் கீழைக் கடலோரத்தில், நியூபவுண்ட்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த போகோ என்னும் தீவு உள்ளது. 1967இல் அங்கே சுமார் ஐயாயிரம் பேர், பத்துச் சிற்றூர்களில் பிரிந்து வாழ்ந்தனர். மீன்பிடித் தொழில் நலிந்துவிட்டது. பலர் அரசாங்க உதவித் தொகையை எதிர்பார்த்திருந்தனர். சிற்றூர்களுக்குள் மத வேற்றுமையும் பழம்பகையும் இருந்தன. தீவைக் காலிசெய்து மக்களை வேறிடத்தில் குடியேற்றிவிடலாமா என்ற யோசனை அரசாங்கத்தின்முன் இருந்தது. அவ்வேளையில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்பவர், அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு சேர்ந்து, அத்தீவில் 27 குறும்படங்களை எடுத்தார்.

அவர் கைக்கொண்ட முறையை நம் சங்கச் செயலாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தீவின் பிரச்சினை இன்னதென்று பேசும் ஒரு பெரிய படத்தை அவர் எடுக்கவில்லை. ஒரு மனிதர், அல்லது ஒரு நிகழ்ச்சி. அவ்வளவே ஒரு படம். பில்லி கிரேன் என்னும் மீனவர், தாம் ஏன் தீவை விட்டு டொராண்டோ நகருக்குப் பிழைக்கச் செல்கின்றார் என்பதைச் சொன்னார். அது ஒரு படம். ஒரு கல்யாணமும் விருந்தும் ஒரு படம். நாட்டுப் பாட்டுக்காரர் ஒருவரின் பாடல்கள் ஒரு படம். குழந்தைகள் விளையாடுவது ஒரு படம். படத்தில் தோன்றியவர் முதலில் அதைப் பார்த்துச் சம்மதித்தாலன்றிப் பிறருக்குக் காட்டுவதில்லை என்பது விதி. பின்னர் சிற்றூர் தோறும் காட்டினர். குளிர் நாடாதலால் அங்கே வெட்டவெளி ஏற்காது. ஊர் மண்டபங்களிலேயே திரை கட்டினர்.

விளைவு யாது? ஒரு சிற்றூரார் அடுத்த சிற்றூராரின் முகத்தைத் திரையில் கண்டனர். தாம் வீட்டுத் திண்ணையில் புலம்பியதையே அவரும் புலம்பக் கேட்டனர். நேரில் கூட்டம் கூட்டினால் சண்டையில் முடிந்திருக்கக்கூடிய பேச்சு, திரையின் வழியாக வந்தபோது கேட்கப்பட்டது. படங்கள் அமைச்சர்களுக்கும் காட்டப்பட்டன. மீன்வளத் துறை அமைச்சரின் மறுமொழியும் படமாக்கப்பட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தது. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பெரிய படகுகளைக் கட்டினர். மீன் பதனிடும் ஆலைகளைச் சங்கமே ஏற்று நடத்தியது. தீவு காலியாகவில்லை, அச்சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. இத்தனையும் படத்தாலேயே நிகழ்ந்தன என்று கூறுவது மிகையாகும். சங்கம் வேண்டும் என்னும் எண்ணம் படப்பிடிப்புக்கு முன்னரே தீவில் முளைத்திருந்தது. முளைத்ததற்கு நீர் வார்த்தது திரை என்று வேண்டுமாயின் சொல்லலாம்.

இதன் மறுபுறத்தையும் காட்டிவிடுவது நியாயம். அதே 1967இல் பிரான்சு நாட்டின் பெசன்சோன் நகரில், செயற்கை இழை ஆலை ஒன்றில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிறிஸ் மார்க்கர் என்னும் புகழ்பெற்ற இயக்குநர் அதனைப் படமாக்கி, மறு ஆண்டு அத்தொழிலாளர்களுக்கே திரையிட்டார். அவர்கள் கைதட்டவில்லை. எங்கள் துயரத்தைக் கண்டீர், எங்கள் உறுதியையும் வீட்டையும் காணவில்லை என்ற கருத்தில் குறை கூறினர். அவரோ வருந்தி ஒதுங்காமல், காமிராவை அவர்கள் கையிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தார். அத்தொழிலாளர் குழுவினர் தாமே படமெடுக்கலாயினர். நல்ல மனம் படைத்த அந்நியர் எடுத்த படமும் அவருடைய படமே என்பதை இது காட்டுகின்றது.

நம் பகுதிக்கு வருவோம். தறியை விட்டு ஆலைக்குச் சென்ற மகனும், தறியை விடாத தகப்பனாரும் ஒரே வீட்டில் இரவுச் சோறு உண்கின்றனர். ஒருவர் வேலையை மற்றவர் கண்டதில்லை. நிலத்தைக் கொடுத்த உழவருக்கு, அந்நிலத்தின்மேல் எழுந்த ஆலையிலிருந்து மாலையில் வெளிவரும் பெண் எந்த ஊரினள் என்பது தெரியாது. இன்று காமிராவுக்கென்று தனிச் செலவில்லை. ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அது உள்ளது. பத்து நிமிஷத்தில் ஒரு பாவு புணைதலை எடுக்கலாம். விடுதிப் பெண்ணொருத்தி விடுமுறைக்குத் தன் ஊருக்குச் செல்லும் பயணத்தை எடுக்கலாம். ஆலைக்குள் படமெடுக்க அனுமதி கிடைக்காது. அதற்கு முயல வேண்டா. எடுத்தவற்றில் இரண்டை, வெளியார் எடுத்த நல்ல குறும்படங்கள் மூன்றோடு சேர்த்தால் ஒரு மாலைக்குப் போதும். பெசன்சோன் தொழிலாளரின் கோபத்தையும், போகோவின் கல்யாண விருந்தையும் நினைவில் வைத்துப் படங்களைத் தேர்க. நன்னெறிப் படங்களை மட்டுமே வரிசையாகக் காட்டினால் மூன்றாவது படத்தில் திடல் காலியாகும்.

பணத்தின் விஷயத்தில் நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச விரும்புகின்றோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கெனச் செலவிட வேண்டும். கேட்டால் திரைக்கும் தருவர். பள்ளிக்குக் கட்டடமும் குளத்துக்குத் தூர்வாரலும் அந்நிதியிலிருந்து தாராளமாகப் பெறலாம். திரைக்குப் பெற வேண்டா. கொடுத்தவர் பெயர் திரையின் மேற்புறத்தில் வந்தால், அடுத்த காட்சிக்கு எந்தப் படம் ஆகாது என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையிராது. கோரக்பூரில் 2006இல் தொடங்கிய திரைப்பட விழாவினர் கம்பெனிகளிடமும் அரசாங்கத்திடமும் பணம் பெறுவதில்லை என்று முதலிலேயே விதித்துக்கொண்டனர். நமக்கும் முன்னோர் வழி ஒன்று உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் தொடங்கிய கடை, பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கிப் படிப்பகம் நடத்தியது. முந்நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் மூவாயிரம் ரூபாய். புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று சங்கங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் காட்சி நடந்தேறும்.

திரைக்குத் துணி நம்முடையதே. சாதாரண அகலத் துணியைப் பட்டை பட்டையாகத் தைத்தால் தையல் வரி நடிப்பவர் முகத்தின் குறுக்கே ஓடும். சென்னிமலை, கரூர்ப் பக்கங்களில் இரட்டைக் கட்டில் விரிப்பு நெய்யும் தறியில் தொண்ணூறு அங்குல அகலம் கிடைக்கின்றது. அதனைக் கிடையாக விரித்தால் ஏழடிக்கு மேல் உயரமும் வேண்டிய நீளமும் உள்ள, தையலற்ற திரை ஆகும். வெளுத்த துணியாக இருத்தல் அவசியம். காடாத் துணியின் பழுப்பில் படம் மங்கும். பின்புறம் கறுப்புத் துணி கொடுத்தால் ஒளி ஊடுருவாது. எனினும் சிறுவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்க விரும்பினால் கறுப்புத் துணியை விட்டுவிடுக. எழுத்துகள் மட்டும் அவர்களுக்குத் தலைமாறித் தெரியும். காற்று திரையைப் பாய்மரமாக்கிவிடும் ஆதலால், நான்கு மூலைகளோடு நில்லாது பக்கங்களிலும் முழத்துக்கு ஒரு கயிறு கட்டுக. கூட்டுறவு வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை வருவதால் அப்போதே நடத்தலாம் என்று தோன்றும். காஞ்சிபுரம் பக்கத்தில் அது அடைமழைக் காலம். தையிலிருந்து பங்குனி வரையே தக்க பருவம். ஞாயிறு மாலை, இருட்டியதும் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பின் விடுதிப் பெண்களும் வரக்கூடும். விடுதிக் காப்பாளரை முன்னதாகவே கண்டு பேச வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இடந்தருவதில்லை.

சட்டத்தை அலட்சியம் செய்யலாகாது. பொதுவில் திரையிடும் படத்துக்கு 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டப்படித் தணிக்கைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் சினிமாக்களை ஒழுங்குபடுத்தும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளது. மலக்குழித் தொழிலாளர் நிலை குறித்துத் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் சில இடங்களில் திரையிடவொட்டாமல் தடுக்கப்பட்டதும், பின் யூடியூபில் வெளியிடப்பட்டதும் நினைவிருக்கலாம். ஆகவே சான்று பெற்ற குறும்படங்களைக் கொண்டே முதற்காட்சியைத் தொடங்குவது நலம். அங்கத்தினர் எடுத்த படங்களைப் பொறுத்தவரை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, விடையையும் எழுத்து மூலம் பெறுக. படமெடுத்தவரின் இசைவுக் கடிதமும், திடலுக்குப் பஞ்சாயத்தாரின் அனுமதியும், காவல் நிலையத்துக்குத் தந்த கடிதத்தின் நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

செலவுத் திட்டத்தை முதலில் நிர்வாகக் குழுவில் வைத்து, பொதுப் பேரவையின் தீர்மானத்தோடு நிறைவேற்றுக. அங்கத்தினர் தரும் பத்து ரூபாய்க்கு, நன்கொடை என்றில்லாமல், காட்சிப் பங்களிப்பு என்றே ரசீது எழுதி, தனிப் பேரேட்டுக் கணக்கில் வரவு வையுங்கள். திரைத் துணியைச் சங்கத்தின் தளவாடப் பதிவேட்டில் ஏற்றி, பக்கத்துச் சங்கம் இரவல் கேட்டால் கையொப்பம் பெற்றுக் கொடுங்கள். பத்து ரூபாய் தந்தவர் படத்தேர்வுக் கூட்டத்துக்கும் அழைக்கப்பட வேண்டும்; அழைப்பு அனுப்பிய விவரமும், வந்து அவர் கூறிய மறுப்பும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகட்டும். தணிக்கைக்கு வரும்போது நாம் முதலில் கேட்கப்போவது அப்பக்கத்தைத்தான்.